ஒரு டேபிலிருந்து இன்னொரு டேபுக்குச் செய்தி: எங்கெல்லாம் சறுக்கும்?

மன்னார்குடிப் பக்கம் ஒரு விதைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கப் போகிறார்கள் என்றாலே குறுவைக்கு ஆடுதுறை 43, கோ 51 நெல் விதை கேட்டு வருகிறவர்கள் கல்லா முன்னால் நெருக்குவார்கள். கல்லாவில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஒரு டேபில் பில் ஓடுகிறது. விவசாயி பக்கம் திருப்பி வைத்த இரண்டாவது திரையில் தொகை காட்டும் பக்கம். பணம் வாங்க வேறொரு நிறுவனத்தின் பாப்அப் (தனியாகத் திறக்கும் சிறு விண்டோ). போதாததற்கு, ஓரத்தில் மழை நிலவரம் காட்டும் ஓர் ஐஃப்ரேம், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மென்பொருள். பிரவுசருக்கோ இவை ஒன்றையொன்று நம்பக் கூடாத தனித்தனிப் பக்கங்கள்.

டெல்டா ஊர்களில் இப்படிப்பட்ட கடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் பிள்ளைகள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கோடில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, கருவியைத் தேர்ந்தெடுப்பதிலேயே வந்துவிடுகிறது. ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜையே எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. பில் பக்கமும் தொகை காட்டும் பக்கமும் உங்களுடையவைதான், ஒரே ஆரிஜின் (தள முகவரியின் தொடக்கப் பகுதி, விவரம் கீழே). அங்கே பிராட்காஸ்ட்சேனல் போதும். ஒரே பெயரில் சேனலைத் திறந்தால் எல்லா டேபுக்கும் செய்தி போகும், யார் யாரைத் திறந்தார்கள் என்று விண்டோக்களைத் துரத்த வேண்டாம். சஃபாரி 2022-இல் வந்த 15.4 பதிப்பிலிருந்து இதை ஆதரிக்கிறது, ஆகவே இன்றைக்குத் தயங்கக் காரணமில்லை. போஸ்ட்மெசேஜ் தேவைப்படுவது அந்நியப் பக்கத்தோடு பேசும்போது, அதாவது பணம் வாங்கும் பாப்அப்பும் மழை ஐஃப்ரேமும். இன்னொன்று: இரண்டுமே ஒரே பிரவுசருக்குள் மட்டும்தான். குரோமில் பில், பயர்ஃபாக்ஸில் திரை என்று வைத்தாலோ, முதலாளி வீட்டிலிருந்து போனில் பார்க்க நினைத்தாலோ எந்தச் செய்தியும் போய்ச் சேராது. அதற்கு சர்வர் வழியாக வெப்சாக்கெட் (சர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) வேண்டும்.

நட்சத்திரக் குறியும் ஆரிஜினும்

போஸ்ட்மெசேஜில் செய்திக்கு அடுத்து, அது எந்த ஆரிஜினுக்குப் போக வேண்டும் என்று சொல்கிறோம். அந்த இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டால் ‘யாராக இருந்தாலும் சரி’ என்று பொருள். அவசரத்துக்குப் போட்டது அப்படியே தங்கிவிடும். நீங்கள் திறந்த விண்டோ இடையில் வேறு தளத்துக்குத் தாவியிருந்தால் வாடிக்கையாளரின் போன் நம்பரும் பில் தொகையும் அங்கே போகும். சரியான ஆரிஜினை எழுதியிருந்தால், முகவரி பொருந்தாதபோது பிரவுசரே செய்தியைக் கீழே போட்டுவிட்டு, பிழைக் குறிப்புகள் வரும் கன்சோலில் ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பார்த்து எரிச்சல்பட்டு மறுபடியும் நட்சத்திரம் போடுகிறவர்களும் உண்டு.

பெறும் பக்கத்தில் வருகிற தவறு இதைவிட மோசம். உங்கள் விண்டோவின் பிடி கையில் இருக்கும் எந்தப் பக்கமும் அதற்குச் செய்தி அனுப்பலாம்: அதைத் திறந்த பக்கம், அதைத் தன்னுள் பதித்துக்கொண்ட பக்கம், அதனுள் இருக்கும் ஐஃப்ரேம் எல்லாமே. ஆகவே செய்தியைக் கேட்டு வாங்கும் நிரலான லிஸனரின் முதல் வேலை, வந்த ஈவென்ட்டின் (செய்தி வந்த நிகழ்வின்) ஆரிஜினைப் பார்ப்பது. பலரும் பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அரைகுறையாக. முகவரிக்குள் ‘கடை டாட் இன்’ இருக்கிறதா என்று மட்டும் தேடினால், ‘கடை டாட் இன் டாட் திருடன் டாட் காம்’ தாராளமாக உள்ளே வரும். தொடக்கத்தை மட்டும் பார்த்தாலும் இதே கதைதான். முடிவை மட்டும் பார்த்தால் ‘போலிகடை டாட் இன்’ வரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) எழுதி, அதில் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போட மறந்தால், புள்ளி இருக்கும் இடத்தில் எந்த எழுத்தும் பொருந்தும். அனுமதித்த ஆரிஜின்களை ஒரு பட்டியலாக வைத்து, முழுச் சரமும் அப்படியே சமமா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. இதில் சாமர்த்தியம் காட்ட இடமே இல்லை.

முழுச் சரம் என்றதும் அடுத்த பள்ளம். ஆரிஜின் என்பது நெறிமுறை (எச்டிடிபிஎஸ் போன்றது), ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), போர்ட் (வாசல் எண்) மூன்றும் மட்டும். கடைசியில் சாய்கோடு வராது, பக்கத்தின் பெயர் வராது. அனுப்பும்போது சாய்கோட்டோடு கொடுத்தாலும் பிரவுசர் ஆரிஜினை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளும், வேலை நடக்கும். அதே சரத்தைப் பெறும் பக்கத்தில் ஒப்பிட்டால் எப்போதும் பொய் என்றே வரும். ‘அனுப்புவது போகிறது, பதில் மட்டும் வரமாட்டேன் என்கிறது’ என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தச் சாய்கோட்டைத் தேடட்டும். மூன்று டபிள்யூ உள்ளதும் இல்லாததும் வேறு வேறு ஆரிஜின் என்பதும் அடிக்கடி மறந்துபோகும் சங்கதி.

சான்ட்பாக்ஸ் போட்ட, அதாவது உரிமைகளைக் குறைத்துப் பதித்த ஐஃப்ரேமிலிருந்து செய்தி வந்தால், சேம்-ஆரிஜின் அனுமதி கொடுக்காதவரை, ஆரிஜின் ‘நல்’ என்ற சரமாக இருக்கும். அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது, ஊரில் சான்ட்பாக்ஸ் போட்ட எவருக்கும் கதவைத் திறந்து வைப்பது. அங்கே ஈவென்ட்டின் சோர்ஸ் (செய்தியை அனுப்பிய விண்டோ) உங்கள் ஐஃப்ரேமின் விண்டோதானா என்று பார்க்க வேண்டும்.

ஆரிஜின் சரியாக இருந்தாலும் செய்தியின் வடிவத்தையும் பாருங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் உங்கள் பக்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதே வழியில் தங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு. அவற்றின் ஆரிஜின் உங்களுடையதாகவே தெரியும். உங்கள் செய்திகளுக்கு ‘வகை’ என்று ஒரு புலம் வைத்து, தெரியாத வகை வந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள். வந்த எழுத்தை, அதை எச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்எச்டிஎம்எல் வழியாகத் திரையில் கொட்டாதீர்கள்.

பாப்அப் காணாமல் போகும்போது

டார்கெட் பிளாங்க் போட்ட (புது டேபில் திறக்கச் சொல்லும்) லிங்க் வழியாகத் திறந்த பக்கத்தில், தன்னைத் திறந்த பக்கத்தைச் சுட்டும் ஓப்பனர் இருக்காது. குரோமில் 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு நிலை. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து எழுதிய கோட் இதில்தான் மாட்டும்.

பணம் வாங்கும் தளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தத் தளம் கிராஸ்-ஆரிஜின்-ஓப்பனர்-பாலிசி என்ற ஹெடரை (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பை) ‘சேம்-ஆரிஜின்’ என்று அனுப்பினால், உங்களுக்கும் பாப்அப்புக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். அப்போது உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் பாப்அப் மூடப்பட்டதாகவே தெரியும், திரையில் அது திறந்தே இருந்தாலும். பாப்அப் மூடிவிட்டதா என்று அரை நொடிக்கொரு முறை பார்த்து, மூடியிருந்தால் ‘வாடிக்கையாளர் ரத்து செய்தார்’ என்று எழுதுகிற கோட் பலரிடம் இருக்கிறது. விவசாயி போனை எடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருப்பார், பில் அதற்குள் ரத்தாகியிருக்கும்.

இதற்குச் சுலபமான வழி: பணம் முடிந்ததும் பாப்அப்பை உங்கள் தளத்தின் ஒரு பக்கத்துக்கே திரும்பி வரச் செய்யுங்கள். அந்தப் பக்கம் பிராட்காஸ்ட்சேனலில் பில் டேபுக்குச் சொல்லட்டும். ஆனால் அந்தச் செய்தி ‘போய்ப் பார்’ என்கிற தகவல் மட்டுமே. பணம் வந்ததா என்பதை உங்கள் சர்வர் அந்த நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் மூட்டை கடையை விட்டு வெளியே போக வேண்டும். பிரவுசருக்குள் வரும் செய்தியை நம்பி ரசீது அடிப்பது, கேட்ட மாத்திரத்தில் கல்லாச் சாவியைக் கொடுப்பது போல.

முந்திக்கொள்வது

விண்டோவைத் திறந்த அடுத்த வரியிலேயே செய்தி அனுப்பினால், அங்கே இன்னும் வெற்றுப் பக்கம்தான் இருக்கும், செய்தி வீண். சரி, ஒரு நொடி பொறுத்து அனுப்புவோம் என்று டைமர் வைப்பார்கள். அலுவலகத்து ஃபைபரில் அது ஓடும். கடையில் மழை நாளில் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடாது. ஐஃப்ரேமின் லோட் ஈவென்ட்டும் முழு உத்தரவாதம் இல்லை, உள்ளே இருக்கும் நிரல் அதற்குப் பிறகும் லிஸனரைப் பதிவு செய்யலாம். புதிதாகத் திறந்த பக்கமே ‘நான் தயார்’ என்று முதலில் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு நீங்கள் அனுப்புங்கள்.

பிராட்காஸ்ட்சேனலும் பழைய செய்திகளைச் சேர்த்து வைக்காது. இரண்டாவது திரையை யாராவது தெரியாமல் மூடித் திறந்தால் அது வெறுமையாக நிற்கும். திறந்ததும் ‘இப்போதைய பில் என்ன?’ என்று அதுவே கேட்கிற மாதிரி எழுதிவிடுங்கள். நினைவகம் குறைந்த கம்ப்யூட்டரில் பிரவுசர் பின்னணி டேபைத் தானாகவே இறக்கிவிடும்போதும் இது காப்பாற்றும்.

பிரவுசரிலேயே தகவலைச் சேமிக்கும் லோக்கல்ஸ்டோரேஜை வைத்துச் செய்தி அனுப்பும் பழைய உத்தி இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. எழுதிய டேபில் ஸ்டோரேஜ் ஈவென்ட் வராது, பழைய மதிப்பையே மறுபடி எழுதினால் எங்குமே வராது. புதிதாக எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். போஸ்ட்மெசேஜிலோ பிராட்காஸ்ட்சேனலிலோ போகும் செய்திக்குள் ஃபங்ஷனையோ பக்கத்தின் உறுப்பையோ வைத்தால் அனுப்பும்போதே பிழை விழும், தேதியும் மேப்பும் (பெயரும் மதிப்புமாகச் சேர்த்த பட்டியல்) பத்திரமாகப் போகும்.

அப்புறம், எதிரொலி. திரை டேப் ஒரு மாற்றத்தைப் பெற்றுத் தன் நிலையை மாற்றுகிறது. நிலை மாறினால் சேனலில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருப்பதால் அது மீண்டும் அனுப்புகிறது. பில் டேப் அதையே திருப்பி அனுப்புகிறது. கம்ப்யூட்டரின் விசிறி சத்தம் கேட்டால் இதுவாக இருக்கலாம். வெளியிலிருந்து வந்த மாற்றத்தை மறுபடி அனுப்பாதீர்கள். கடைப் பையன் பில் டேபை இரண்டாகத் திறந்து வைத்திருந்தால் ‘பணம் வந்தது’ என்ற ஒரே செய்திக்கு இரண்டு ரசீது அச்சாகும். பில் எண்ணை வைத்து சர்வரில் ஒரு முறைதான் அனுமதி என்று வைக்கலாம், அல்லது வெப் லாக்ஸ் என்ற பிரவுசர் பூட்டு வழியாக ஒரு டேபுக்கு மட்டும் அச்சிடும் உரிமை கொடுக்கலாம்.

சோதிக்கும்போது எல்லாப் பக்கங்களையும் லோக்கல்ஹோஸ்ட்டின் (உங்கள் கம்ப்யூட்டரே சர்வராக நிற்கும் முகவரி) ஒரே போர்ட்டில் ஓட்டினால் ஆரிஜின் தவறு ஒன்றுகூடத் தெரியாது. போலிப் பணப் பக்கம் ஒன்றை வேறு போர்ட்டில் ஓட்டி, பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட் வேகத்தைக் குறைத்து, நடுவில் ஒரு டேபை மூடித் திறந்து பாருங்கள். மேலே சொன்னவற்றில் பாதி உங்கள் மேசையிலேயே மாட்டிக்கொள்ளும்.