சென்னைக்கு எது தும்மல் காலம்? அலர்ஜிக்காரர்கள் செய்யும் தவறுகள்

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் அரிப்பு, கண்ணில் நீர். உடனே கைப்பேசியை எடுத்து வானிலை ஆப்பில் ‘மகரந்த அளவு’ எவ்வளவு என்று பார்ப்பவர்கள் சென்னையில் இப்போது நிறைய. தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்க, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் கட்டட மாடியில் கருவி வைத்துக் காற்றை உறிஞ்சி, படிந்த துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுகிறார்கள். நம் ஊருக்கு ஆப் காட்டும் எண் பெரும்பாலும் கணினி போட்ட உத்தேசக் கணக்கு. அது ‘குறைவு’ என்று பச்சை காட்டும் நாளிலும் உங்கள் தெருமுனைக் காலிமனையில் பார்த்தீனியக் களை பூத்துக் கிடக்கலாம். இன்னும் சிலர் காற்றின் தரம் சொல்லும் ஏக்யூஐ எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். நுண்துகள், ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு என்று எட்டு மாசுகளுக்கான குறியீடு அது. மகரந்தம் அதில் சேர்த்தியே இல்லை.

அடுத்து, பழியைக் கண்ணைப் பறிக்கும் பூக்கள்மேல் போடுவது. சித்திரை, வைகாசியில் சரக்கொன்றையும் குல்மொஹரும் பூத்தால் “இதனாலதான் தும்மல்” என்பார்கள். பளிச்சென்று பூப்பதெல்லாம் தேனீக்களையும் பறவைகளையும் கூப்பிடத்தான். அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் அதிக தூரம் போகாது. வம்பு பண்ணுவது பூ மாதிரியே தெரியாத பூக்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்பில் பூக்கும் காலத்தில் ஒரு கிளையைப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஊசி போன்ற நுனிகளில் துரு நிறத்தில் சின்னச் சின்னக் கதிர்கள் இருக்கும். லேசாகத் தட்டினால் புகை மாதிரி தூள் பறக்கும். புற்கள், குப்பைமேட்டில் தானாக முளைக்கும் கீரை வகைகள் எல்லாம் இதே ரகம். அடையாற்றங்கரையிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் அலர்ஜிக்குப் பேர்போனது. கோடையில் பறக்கும் இலவம்பஞ்சு மகரந்தமே கிடையாது; விதையைச் சுமக்கும் இழை. அழகுக்காக நடும் வெளிநாட்டு மரமான கோனோகார்பஸுக்கு 2025-இல் தமிழக அரசே தடை போட்டது உண்மைதான். அதற்காக, வாசலில் நிற்கும் அந்த ஒரு மரத்தை வெட்டிவிட்டால் மொத்தக் குடியிருப்பின் தும்மலும் நின்றுவிடும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் போடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

“கடற்கரைப் பக்கம் வீடு, சுத்தமான காத்து, நமக்கு ஒண்ணும் வராது” என்பது பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்களின் நம்பிக்கை. பாதிதான் சரி. கோடையில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்தபின் காற்றில் மகரந்தம் பொதுவாகக் குறையும். விடிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஊருக்குள்ளிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடைப்பயிற்சியை மாலைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

கடல் தரும் பெரிய தொல்லை ஈரப்பதம். தூசிப்பூச்சி என்ற நுண்ணிய உயிர், மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது. அதற்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாம். காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது தாக்குப்பிடிப்பது கஷ்டம். சென்னையில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை? ஆண்டு முழுக்க மூக்கடைப்பு, படுக்கையிலிருந்து எழுந்ததும் தும்மல் என்றால் மரங்களை விட்டுவிட்டு முதலில் தலையணையைச் சந்தேகப்படுங்கள். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசினால் பூச்சி சாகாது.

மழைக்காலத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை ஓயும்போது சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை பூத்திருக்கும், காலிமனைகளில் புல் இடுப்பளவு வளர்ந்து கதிர் விட்டிருக்கும். கூடவே மார்கழி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம், பரணைக் காலி செய்கிறோம், போகிப் புகை வேறு. பிறகு “பனி ஒத்துக்கல” என்று குல்லா போட்டுக்கொள்கிறோம். பனி பாவம். பரண் வேலையை அலர்ஜி இல்லாதவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் தட்டக் கூடாது.

மழை மகரந்தத்தைக் கழுவிவிடும் என்று இடி மழையில் ஜன்னலைத் திறந்து வைப்பதும் ஆபத்தாக முடியலாம். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடியோடு வந்த புயற்காற்றில் புல் மகரந்தம் வெடித்து நுண்துகளாகிப் பலரின் நுரையீரல்வரை போனது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; 10 பேர் இறந்தார்கள். அதுவரை வெறும் தும்மல் மட்டுமே இருந்த பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மருந்து விஷயத்தில் நடக்கும் கூத்து தனி. மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து, அதாவது ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை, சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும். அதைத் திறக்க இன்னும் நாலு சொட்டு. இப்படியே மாதக்கணக்கில் பாட்டிலோடு அலைபவர்கள் உண்டு. டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே இதற்கு நேர்மாறு. முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சமயத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். “ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல” என்று அலமாரியில் போட்டுவிடுகிறோம். அடிக்கும் முறையும் முக்கியம்: தலையை லேசாக முன்னே சாய்த்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கவாட்டுக்குப் போகும். அடித்ததும் ‘சர்’ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும்.

அவில் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டாதீர்கள், தூக்கம் தள்ளும். காய்ச்சலும் உடம்புவலியும் இல்லாமல் அரிப்பும் தண்ணீராக ஒழுகலும் மட்டும் இருந்தால் ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையில்லை.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் குழாய்த் தண்ணீரிலோ தொட்டித் தண்ணீரிலோ செய்யாதீர்கள். மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா தொற்றைக் கேரளம் சமீப ஆண்டுகளில் பார்த்துவிட்டது. கொதிக்க வைத்து ஆறிய நீரில், லிட்டருக்கு 9 கிராம் உப்பு.

இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், படியேறினால் இளைப்பு என்று வந்துவிட்டால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இன்ஹேலரைப் பார்த்து “பழகிடும்” என்று பயப்பட வேண்டாம். அதில் மருந்தின் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை எழுதித் தந்தால், செட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு வாரம் சொல்வார்கள். முந்தின இரவு போட்டுக்கொண்டு போனால் தோல் தடிக்காது, ரிப்போர்ட்டில் எல்லாமே ‘இல்லை’ என்று வரும், கட்டிய பணமும் வீண். மூக்கு ஸ்ப்ரேயை அதற்காக நிறுத்தத் தேவையில்லை.