ஆர்எக்ஸ் 100 எஞ்சின் கட்டுவது எப்படி: முதலில் காற்று, அப்புறம் அளவு, கடைசியில்தான் ஜெட்

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி ஆம்பூர் பக்கம் போகிற நேர் ரோட்டில் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஜாம் ஆனது. புது பிஸ்டன் போட்டு 600 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஃபுல் த்ராட்டிலில் போய்க்கொண்டிருந்தேன். சட்டென்று சத்தம் மெலிந்தது, இழுவை போனது, பின்சக்கரம் கீச்சிட்டபடி பூட்டிக்கொண்டது. கை தானாகவே கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழாமல் தப்பித்தேன்.

பிரித்துப் பார்த்தால் சைலன்சர் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. போர் அடித்துக் கொடுத்த (சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து கொடுத்த) கடை மேல் ஒரு வாரம் கோபமாகவே இருந்தேன். அளந்து பார்த்தபோது போர் கச்சிதமாக இருந்தது. தப்பு, இடது பக்கம் சுழலும் மேக்னெட் சக்கரத்தின் பக்கத்து ஆயில் சீலில்! அந்தச் சின்ன ரப்பர் வளையம் காய்ந்துபோய், அதன் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. ஆக சூடும் ஏறும், வழவழப்பும் குறையும்.

அதற்கு அப்புறம் நான் கட்டிய ஒவ்வொரு எஞ்சினிலும் வரிசை ஒன்றுதான். முதலில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்வது, அடுத்து அளவுகள், எல்லாம் முடிந்த பிறகு கார்புரேட்டர். நம் பக்கத்துப் பையன்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி இழுக்கவில்லை என்றதும் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையை, மாற்றுகிறார்கள். கசிகிற எஞ்சினுக்கு எந்த ஜெட் போட்டாலும் சரியாக வராது.

நம்மிடம் இருப்பது ஆர்எக்ஸ் 100, அதனால் அதை வைத்தே சொல்கிறேன். இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. போர் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., கணக்குப் போட்டால் 98 சிசி. 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிர்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது.

படி 1: பிரிக்கும்போதே பாருங்கள்

பிளக்கைக் கழற்றி ஒரு பக்கம் வையுங்கள், துடைக்காதீர்கள். பிளக்கின் நிறமும் பிஸ்டன் தலையில் படிந்த கார்பனும் பழைய எஞ்சின் எப்படி ஓடியது என்று சொல்லும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிலிண்டரைத் தூக்கியதும், கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் அடிப்பெட்டி) வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். அதை மறந்து, 'பிஸ்டன் பின்' என்கிற, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டின் லாக்கைக் கழற்றினால், லாக் துள்ளி கேஸுக்குள் விழுந்து ஒரு நாள் வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

இப்போது கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழுமாக 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க்கை எடுத்து பிரஸ்ஸில் வைத்து ராட் மாற்ற வேண்டும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள், முதல் முறையே நீங்கள் செய்யும் வேலை இல்லை.

இரண்டு கிராங்க் சீலையும் கேள்வியே கேட்காமல் மாற்றுங்கள். இடது பக்கம் மேக்னெட்டுக்குப் பின்னால் இருப்பது கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். வலது பக்கம் கிளட்சுக்குப் பின்னால் இருப்பது கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் வலது சீலைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: போர்

பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் பெரிதாகிக்கொண்டே போகும்: 0.25, 0.50, 0.75, 1.00. தேய்மானம் போக எது குறைந்தபட்சமோ அதற்குப் போங்கள். ஒரேயடியாக 1.00 போட்டாலும் 102 சிசிதான் வரும், அடுத்த முறை போர் அடிக்க இடம் இருக்காது.

காட்பாடியில் நான் போகிற லேத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முதல் தடவை வெறும் சிலிண்டரை மட்டும் கொண்டுபோனபோது, "இன்னா தம்பி, பிஸ்டன் எங்க? அது இல்லாம நான் எந்த அளவுக்கு அடிக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். "சரிண்ணே" என்று திரும்பிப் போய் பிஸ்டனோடு வந்தேன். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிஸ்டனைத் துடைத்து, பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதியை அப்படித்தான் சொல்வார்கள்) அடி விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, பின் துளைக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரை வைத்தார். பிஸ்டன் முழு உருளை இல்லை. தலை ஒடுங்கி, பாவாடை அகன்று, கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். அதனால் வேறு எங்கே அளந்தாலும் தப்பான அளவுதான் கிடைக்கும். அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டி அதற்கு போர் அடித்து, கடைசியில் ஹோனிங்கில் (உள்சுவரைக் கல்லால் மெல்ல உரசுவது) குறுக்குக் கோடுகள் போட்டார்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை பிஸ்டன் கம்பெனியே சொல்லியிருக்கும். சொல்லவில்லை என்றால் நான் 0.05 மி.மீ. கேட்பேன். மே மாத வேலூர் வெயிலில் அதைவிட இறுக்கமாக வைக்க எனக்கு மனம் வராது.

போர் அடித்து வந்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் வாசல்கள்) ஓரங்களை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கத்தி போல இருக்கும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓரத்தைக் கடந்து போகிறது. மெல்லிய எமரி தாளால் அரை மி.மீ. அளவுக்கு ஓரத்தை மழுக்கிவிடுங்கள். போர்ட்டைப் பெரிதாக்கும் ஆசையை முதல் எஞ்சினில் விட்டுவிடுங்கள். சைலன்சர் போர்ட்டை உயர்த்தினால் பவர் மேல் ஆர்பிஎம்முக்குப் போய்விடும், ஊருக்குள் ஓட்டும் வண்டி கீழே செத்துப்போகும். உயர்த்தியதைத் திரும்ப இறக்கவும் முடியாது.

அப்புறம் சோப்பு, வெந்நீர், பிரஷ். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் முழுசாகப் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். பத்து நிமிடம் சும்மா விட்டாலே துருப் பிடிக்கத் தொடங்கும்.

படி 3: ரிங், பிஸ்டன், ஸ்க்விஷ்

ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் வாய் இடைவெளியைப் பாருங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், கவனமாக அரம் போட்டுச் சரிசெய்யுங்கள். பிஸ்டன் காடியில் ஒரு சின்ன ஆணி இருக்கும், ரிங்கின் வாய் அதில் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கட்டும். பின் லாக் எப்போதும் புதுசு.

ஸ்க்விஷ் என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. ரேடியோ ரிப்பேர் கடையில் 2 மி.மீ. ஈய வயர் வாங்குங்கள். ஹெட்டை முழுசாக இறுக்கி, பிளக் துளை வழியாக, பிஸ்டன் பின் இருக்கும் திசையில், சிலிண்டர் சுவரைத் தொடும்வரை வயரை நுழையுங்கள். மேக்னெட்டைக் கையால் சுற்றி பிஸ்டனை உச்சி தாண்ட வையுங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரால் அளந்து, எதிர்ப் பக்கமும் இதையே செய்யுங்கள். புதியவர்களுக்கு 1.0 மி.மீ. நல்ல இலக்கு. 0.7க்குக் கீழே போனால் உச்ச ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஹெட்டில் முட்டும் ஆபத்து உண்டு.

அதிகமாக இருந்தால் இரண்டு வழி. அடி கேஸ்கட்டை மெல்லியதாக்கலாம், ஆனால் சிலிண்டரே கீழே இறங்குவதால் போர்ட்டுகள் திறக்கும் நேரம் மாறிவிடும். ஹெட்டைத் தேய்த்தால் போர்ட் நேரம் மாறாது. தடிமனான கண்ணாடி மேல் எமரி தாளை ஒட்டி, எட்டு வடிவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். எப்படியானாலும் கம்ப்ரெஷன் கூடும் என்பதை மறக்காதீர்கள். ஏற்றத்தில் ஜல்லிக்கல் உருளுவது மாதிரி சத்தம் கேட்டாலோ, பிளக்கில் பொடிப் பொடியாக அலுமினியம் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

படி 4: பிபி மிஷின் சோதனை

இந்தப் பதிவையே இந்த ஒரு படிக்காகத்தான் எழுதினேன். கடைகளில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். இதற்குத் தேவையான கருவி வேலூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. சிஎம்சி ஆஸ்பத்திரி சுற்றுவட்டாரத்தில் மருத்துவக் கருவி விற்கும் கடைகளில், கையால் அமுக்கும் பல்பும் வட்ட மீட்டரும் உள்ள பிபி மிஷின் கிடைக்கும். அதன் மீட்டர் பாதரச அளவில் 300 மி.மீ. வரை காட்டும். எஞ்சினுக்குத் தேவையான அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பிளக்கை மாட்டி இறுக்குங்கள். சைலன்சர் வாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து மூடுங்கள். ஆயில் பம்ப்பிலிருந்து வரும் குழாயின் வாயையும் அடையுங்கள். பிஸ்டனை அடிக்குக் கொண்டுபோனால் போர்ட்டுகள் திறந்து கேஸும் சிலிண்டரும் ஒன்றாகிவிடும். காற்றைக் கார்புரேட்டர் மாட்டும் ரப்பர் வழியாகத்தான் அடிக்க வேண்டும். பிளக் துளை வழியாக அடித்தால் ரீட் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) மூடிக்கொள்ளும், அதற்கு வெளியே இருக்கும் ரப்பரும் கேஸ்கட்டும் சோதனைக்கு வராமல் தப்பித்துவிடும். ரப்பரில் இறுக்கமாக உட்காரும் ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, பிபி மிஷின் டியூபை அதில் செருகி, கிளிப் போட்டு இறுக்குங்கள்.

முள் 300க்கு வரும்வரை மெதுவாக அமுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீல் இடம் பெயர்ந்துவிடலாம். இப்போது மீட்டரைப் பாருங்கள். நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரை அடி கேஸ்கட், ஹெட், மேனிபோல்ட், மேக்னெட் சீல் என்று ஒவ்வொரு இடமாகத் தடவுங்கள், நுரை கிளம்பும் இடம்தான் கசிவு. எங்கேயும் நுரை இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள். குமிழ் விடும் சத்தம் கேட்டால் வலது சீல்.

முள் அசையாமல் நிற்பதை முதல் முறை பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோதுகூட வரவில்லை.

படி 5: முதல் ஓட்டம்

முதல் டேங்குக்கு லிட்டருக்கு 30 மில்லி டூ-டி ஆயில், அப்புறம் 20 மில்லி. இது பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறவர்களுக்கு. ஆயில் பம்ப் வேலை செய்தால் அதன் குறியைச் சரிபாருங்கள். ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சிலிண்டரைக் கையால் தொடும் அளவுக்கு ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. முழுசாக ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் போகாமல் த்ராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

படி 6: இப்போதுதான் கார்புரேட்டர்

ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வெளியே எடுக்க எடுக்க காற்று கூடும். எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விடுங்கள். த்ராட்டிலின் நடுப்பகுதியை ஊசி பார்த்துக்கொள்கிறது. அதன் லாக்கை ஒரு காடி கீழே மாற்றினால் ஊசி மேலே ஏறி பெட்ரோல் கூடும். முக்கால் த்ராட்டிலுக்கு மேல் மெயின் ஜெட்.

மெயின் ஜெட்டை எப்போதும் பெரியதிலிருந்து சிறியதுக்குத்தான் கொண்டுவர வேண்டும். பெரிதாக இருந்தால் ஃபுல் த்ராட்டிலில் தடதடவென்று விட்டுவிட்டு எரியும், எஞ்சினுக்கு எந்தச் சேதமும் இல்லை. சின்னதாக இருந்தால் அருமையாக இழுக்கும், இழுத்துக்கொண்டே ஜாம் ஆகும். விடிகாலையில் வெறிச்சோடிய நேர் ரோட்டில், புது பிளக் போட்டு, ஃபுல் த்ராட்டிலில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்தபடியே சாவியை அணைத்து நிறுத்துங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் அடி ஆழத்தில் காபிக்கொட்டை நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும். வெறும் வெள்ளை என்றால் ஜெட் பெரிதாக வேண்டும்.

எந்த மாதத்தில் ஜெட் போடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். மே மாதம் மதியம் சூடான காற்று அடர்த்தி குறைந்திருக்கும். அப்போது கச்சிதமாக அமைத்த ஜெட், ஜனவரி விடியற்காலைக் குளிரில் அடர்ந்த காற்றுக்குப் போதாது. அதனால் நான் மார்கழி, தை விடியலில் பார்த்துத்தான் ஜெட்டை முடிவு செய்வேன். வெயில் காலத்தில் கொஞ்சம் புகைந்தாலும் பரவாயில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, பழைய அளவைவிடச் சற்றுப் பெரிய ஜெட்தான் பொருந்தும். அந்தப் பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

ஏலகிரி ஏறும்போது 14 வளைவுகளும் தாண்டி, கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரத்தில் வண்டி கொஞ்சம் கனத்து, மந்தமாக இழுக்கும். அங்கே காற்று மெலிது, கலவையில் பெட்ரோல் கூடிப்போகிறது, அவ்வளவுதான். மலை மேல் இருக்கும்போது ஜெட்டைக் குறைக்காதீர்கள். இறங்கி வாணியம்பாடிக்கு வந்ததும் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு, ஹெட் நட்டுகளில் ஸ்பானர் வைத்துச் சரிபார்த்து வீட்டுக்குப் போங்கள்.