பழைய தொப்பியை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய விசித்திரமான தொப்பியையோ, பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த குல்லாவையோ கொண்டுவந்து, “இது எந்த ஊருடையது, எந்தக் காலத்தது?” என்று கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சரித்திரப் படங்களுக்கு ஆடை சேகரிக்கும் உதவியாளர்களும் அவர்களில் அடக்கம். இந்த வேலைக்குப் புதிதாக வந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் செய்த பிழைகளையே அவர்களும் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. ஒரு முறை சொன்னாலே திருத்திக்கொள்ளக்கூடிய சில்லறைப் பிழைகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது

ஒரே உருவத்தை வெவ்வேறு பொருள்களில், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காரணங்களுக்காகச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அணிந்த வெயில் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். சோலா தொப்பி என்பது நெட்டியால் ஆனது. தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரியைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அதே நெட்டிதான். பிரிட்டிஷ் ராணுவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் பயன்படுத்திய வோல்ஸ்லி தொப்பியோ மரத்தக்கையால் ஆனது. இரண்டுக்கும் மேலே காக்கித் துணி போர்த்தியிருப்பதால் தொலைவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. துணி கிழிந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: நெட்டியானால் வெண்மையாக, மெல்லிய ஏடுகளாக ஒட்டப்பட்டிருக்கும், நகம் பட்டாலே பள்ளம் விழும், தக்கையானால் பழுப்பு நிறத்தில் குறுமணிகளாக உதிரும்.

குஞ்சம் தொங்கும் உருளை வடிவத் துருக்கித் தொப்பியும் (ஃபெஸ்) அப்படித்தான். பழைய முறையில் செய்தது கம்பளி நூலால் பின்னி, அடித்து இறுக்கி, அச்சில் ஏற்றி உருவாக்கப்பட்டது. அதில் தையல் இராது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடி, உள்ளே அட்டை தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் நாடகத்துக்கோ சினிமாவுக்கோ தைத்ததுதான். காந்தி குல்லாவுக்கும் சிப்பாய்கள் சாய்வாக அணியும் மடிப்புத் தொப்பிக்கும் வெட்டு ஏறக்குறைய ஒன்றே. அங்கே பேசுவது துணியும், பித்தளைச் சின்னம் குத்திய துளைகளும்தான்.

எல்லா ரோமத் தொப்பியையும் எம்.ஜி.ஆர். தொப்பி என்பது

வேண்டாம். கராகுல் ஆட்டுக்குட்டியின் சுருள் ரோமத்தில் செய்து, மடித்துப் பைக்குள் வைக்கத்தக்க தொப்பி வேறு வகை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் சொல்வது

பழைய புகைப்படத் தகடுகள் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் பதிவு செய்யவில்லை. அவை நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்புக்கு மிகக் குறைவாகவும் இணங்கியவை. ஆகையால் சிவப்புத் தலைப்பாகை கறுப்பாகவும், நல்ல நீலம் வெளிறியும் விழும். பாட்டனார் கறுப்புக் குல்லா அணிந்திருந்தார் என்று சாதித்த ஒரு குடும்பத்தாருக்கு, அது அடர்சிவப்புத் துருக்கித் தொப்பியாக இருக்கலாம் என்று விளக்குவதற்குள் எனக்குப் பிற்பகல் முழுவதும் போய்விட்டது. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் மேலே வந்து பொத்தான் மாட்டும். ரோமத்தை அழுத்தி இறுக்கிச் செய்த ஃபெல்ட் தொப்பியில் ரிப்பன் முடிச்சு இடப்பக்கம் இருக்கும். இரண்டும் மாறியிருந்தால் படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடையாளம் காணும் முன்பே சுத்தம் செய்வது

மற்ற எல்லாத் தவறுகளையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதை மட்டும் திருத்த முடியாது. எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறும் இதுவே என்பதால், இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடபழனிப் பக்கம் ஒரு படக் கம்பெனியில் ஆடைப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், சந்தையில் ஒரு தலையணியை வாங்கி வந்தார். விற்றவர் அதை “ஜமீன்தார் கிரீடம்” என்று சொல்லியிருக்கிறார். விளிம்பு கிடையாது, நெற்றிக்கு மேல் உயர்ந்து நின்று பின்னோக்கிச் சரிந்தது, தட்டினால் அட்டைச் சத்தம் கேட்டது. அவர் வாங்கிய அன்றே கைப்பேசியில் எடுத்த படத்தில், கருஞ்சிவப்பான மேல்துணி மெருகெண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது; அதில் பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தன. பார்சி சமூகத்து ஆண்கள் சடங்குக்கும் வெளியே போவதற்கும் அணிந்த, ‘பகடி’ என்னும் விறைப்பான தலைப்பாகை அது. இராயபுரத்தில் 1910-இல் கட்டிய அக்கினிக் கோயில் இன்றும் இருக்கிற ஊரில், பார்சிக் குடும்பங்கள் வணிகம் செய்து வாழ்ந்த ஊரில், அப்படி ஒன்று சந்தைக்கு வந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் என் கைக்கு வந்தபோது அந்தப் பளபளப்பு இல்லை. அழுக்குப் போகட்டும் என்று தின்னரில் நனைத்த துணியால் துடைத்திருந்தார். மெருகு கரைந்து, புள்ளிகள் கலங்கி, துணி திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. உள்ளே பார்த்தேன்; உள்துணியைக் காணோம். பூச்சி அரித்திருந்ததாம், நாற்றம் அடித்ததாம், பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டாராம். எஞ்சியிருந்தது அறுந்த நூல்முனைகளும், ஒரு மூலையில் பசை ஒட்டிய சதுரத் தழும்பும். அந்தச் சதுரம் இருந்த இடத்தில்தான் ஒரு சீட்டு ஒட்டியிருந்திருக்கிறது. அதில் செய்தவரின் பெயர் இருந்ததா, பம்பாய்க் கடையின் முகவரி இருந்ததா, அணிந்தவரின் பெயரெழுத்துகள் இருந்தனவா என்பதை இனி யாராலும் சொல்ல இயலாது. ‘பார்சி பகடி’ என்ற பொதுப்பெயருக்கு மேல் ஒரு வார்த்தை எழுதிக்கொடுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

“சும்மா துடைக்கத்தானே செய்தேன், சார்” என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். பளபளவென்று கொண்டுவந்தால் விலை கூடும் என்று பழைய சாமான் வியாபாரிகள் சிலர் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் கேட்டுக்கு ஒரு காரணம்.

சோலா தொப்பிக்குத் தண்ணீர்தான் எமன். நெட்டியை ஏடுகளாகச் சீவி, பசை தடவி, மரஅச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித்தான் அதன் ஓடு உருவாகிறது. தண்ணீரில் நனைத்தால் பசை இளகும், நெட்டி ஊதும், மேல்துணி காயும்போது சுருங்கி ஓட்டை நெரிக்கும். சோப்புத் தண்ணீரில் அமுக்கி எடுத்து மொட்டைமாடி வெயிலில் காயவைத்த ஒரு தொப்பி என்னிடம் வந்தது. அதன் விளிம்பு அலையலையாக எழும்பி, உச்சியிலிருந்த காற்றுத்துளை மூடி தனியே கழன்று, உறைக்குள் போட்டுக் கொடுக்கப்பட்டது. விளிம்பின் அடியில் கண்கூச்சத்தைத் தடுக்க வைத்துத் தைத்திருந்த பச்சைத் துணியின் சாயம், மேலே இருந்த காக்கி முழுவதும் இறங்கியிருந்தது.

அழுக்கே சான்றாகவும் இருக்கும். தொப்பியின் உள்விளிம்பைச் சுற்றித் தைத்த வியர்வைப் பட்டையின் தோலில் படிந்த கறை, தொப்பியை உண்மையிலேயே ஒருவர் நெடுநாள் அணிந்தார் என்பதைச் சொல்லும். முன்பக்கத் துணி வெளிறாமல் வட்டமாக நிறம் தங்கியிருந்தால், அங்கே ஒரு சின்னம் இருந்து பின்னர் கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். இவையெல்லாம் ஒரே துடைப்பில் போய்விடும்.

ஆகவே வந்த பொருளை வந்தபடியே வைத்துப் படம் எடுங்கள். பிறகு டார்ச் விளக்கை உள்ளே அடித்து, வியர்வைப் பட்டையை ஒரு விரலால் மெல்ல மடக்கிப் பாருங்கள்; அளவுச் சீட்டு பெரும்பாலும் அதன் பின்னே செருகப்பட்டிருக்கும். தோல் காய்ந்து விறைத்திருந்தால் மடக்கவே வேண்டாம், வெடித்துவிடும். தூசியை மட்டும் உலர்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷால் தட்டி எடுக்கலாம். உதிர்ந்தது எதுவானாலும், நூல் துண்டானாலும் சரி, ஒரு உறையில் போட்டு அதனுடனேயே வையுங்கள்.

தலையில் வைத்துப் பார்ப்பது

கூடாது. பழைய ஃபெல்ட் தொப்பிகளில் பாதரச உப்பு எஞ்சியிருக்கலாம். ரோமத்தைப் பதப்படுத்த அதைப் பயன்படுத்தினார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைச் சீட்டைச் செய்தவர் சீட்டாகக் கொள்வது

மவுண்ட் ரோட்டுக் கடையின் பெயர் உள்ளே பொறித்திருந்தால் அது மவுண்ட் ரோட்டில் செய்ததாகிவிடாது. எங்கோ செய்ததை வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்பது அக்கால வழக்கம். அதைவிட அளவு எண் நம்பத்தக்கது. ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் தலைச் சுற்றளவுக்குப் பிரிட்டனில் 7 என்றும், அமெரிக்காவில் 7⅛ என்றும், ஐரோப்பாவில் 57 என்றும் எழுதுவார்கள். நாடாவால் உள்சுற்றை அளந்து, சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால், எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்தது என்பது தெரிந்துவிடும்.

முன்னையும் பின்னையும் மாற்றிக்கொள்வது

வியர்வைப் பட்டையில் உள்ள சிறு முடிச்சு பின்பக்கத்தைக் காட்டும்.

பெரிய சம்பவத்தோடு முடிச்சுப் போடுவது

உயரமான கறுப்புத் தோல் தொப்பியைக் கொண்டுவந்து, “இதுதான் சார், வேலூர்ப் புரட்சிக்குக் காரணமான தொப்பி” என்பவர்கள் அவ்வப்போது வருவார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழ, தளபதி கிரடாக் காலத்தில் புகுத்திய புதிய தலையணி ஒரு முக்கியக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் அது தலைப்பாகை வகையைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர் தொப்பியின் சாயலில் அமைந்து, விலங்குத் தோலால் ஆன இலச்சினை பொருத்தியிருந்ததால்தான் சிப்பாய்கள் அதை ஏற்க மறுத்தார்கள். முன்விளிம்பும் பித்தளைத் தகடும் கொண்ட உயர்ந்த ஷாக்கோ தொப்பி வேறு. பிரிட்டிஷ் படையில் அது 1878 வரைகூட வழக்கில் இருந்தது. தகட்டில் படைப்பிரிவு எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், கோட்டையிலிருந்து அல்ல. தட்டையான உச்சியும் முன்விளிம்பும் கொண்ட சிவப்புக் ‘கெப்பி’ தொப்பியைக் கண்டவுடன் பிரெஞ்சுப் படை என்பதும் இதே வகைப் பிழை. புதுச்சேரிக் காவலர்கள் அதை இன்றும் அணிகிறார்கள்.

தொப்பியை வைத்து ஆளை முடிவு செய்வது

துருக்கியில் 1925-இல் சட்டம் போட்டுத் துருக்கித் தொப்பியை விலக்கிய பிறகும் நம் நாட்டு முஸ்லிம்கள் பலர் அதை விரும்பி அணிந்தார்கள். எனவே 1930-களில் எடுத்த படத்தில் அதைப் பார்த்து, அணிந்தவர் துருக்கிக்குப் போய்வந்தார் என்று கதை கட்ட வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் எடுத்த படமென்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கோட்டும் தொப்பியும் கைத்தடியும் அங்கேயே வைத்திருந்து, படம் எடுக்க வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தொப்பி காதுவரை இறங்கியிருந்தாலோ உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றாலோ அது அவருடையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரே ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் பெயர் கேட்பது

எதிரிலிருந்து அழகாக எடுத்த ஒரே படத்தால் பயன் இல்லை. பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கவிழ்த்து வைத்து உள்புறம் முழுவதும் தெரிய ஒன்று, தையலையும் சீட்டையும் நெருங்கி எடுத்தவை சில எனப் பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் அது பெரியவர் தொப்பியா, நவராத்திரிக் கொலுவில் துரைப் பொம்மைக்கு வைத்ததா என்பதையே முதலில் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது.