ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட்: ஆறே அசையில் சொல்வது எப்படி?

மருத்துவ மாணவர்களின் வாய்மொழித் தேர்வான வைவாவில் பலரும் 'எஸ்.சி.எம்.' என்று சுருக்கித் தப்பித்துக்கொள்ளும் கழுத்துத் தசை இது. வெட்டும் இடம் தெரிந்தால் முழுப்பெயரே சுலபம்.

முதலில் பொருளைப் பார்த்து வெட்டுங்கள். கிரேக்கத்தில் ஸ்டெர்னான் என்றால் மார்பு. க்ளெய்ஸ் என்றால் சாவி. கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்புக்கும் அதே பெயர்தான். மாஸ்டோஸ் என்றால் முலை. முலை வடிவில் இருப்பதால் காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டு மாஸ்டாய்ட் ஆனது. தலையை இடப்பக்கம் திருப்புங்கள்; வலப்பக்கக் கழுத்தில் கயிறு போல ஒன்று புடைக்கும். மார்பிலும் காறையிலும் தொடங்கி அந்த முண்டில் போய் முடிகிறது. பெயரும் அதே வரிசைதான்.

ஆனால் பொருளுக்கு வெட்டிய இடமும் வாய்க்கு வெட்டும் இடமும் ஒன்றல்ல. வேர்ச்சொல் 'க்ளைட்', அடுத்து வரும் 'ஓ' நம் சாரியை மாதிரி வெறும் இணைப்பு. புணர்ச்சியில் மெய்யின் மேல் உயிர் ஏறுவதுபோல 'ட்' அந்த 'ஓ'வோடு போய் 'டோ' ஆகிவிடும். 'மாஸ்ட்' + 'ஆய்ட்' கதையும் அதுவே. ஆக, அசை பிரிப்பது இப்படி:

ஸ்டெர் - னோ - க்ளை - டோ - மாஸ் - டாய்ட்

முழு அழுத்தம் 'மாஸ்' மேல். 'மாஸ் ஹீரோ' என்கிறோமே, அந்த மாஸ். 'ஸ்டெர்', 'க்ளை' இரண்டுக்கும் அரை அழுத்தம். 'னோ', 'டோ' இரண்டையும் சட்டென்று கடந்துவிடுங்கள். எழுத்தில் 'ஸ்டெர்' என்றாலும், ஆங்கில வாயில் அது 'ஸ்டர்' பக்கம் சாயும்.

நம் நாக்கு சறுக்குவது மூன்று இடத்தில். சொல் முதலில் மெய்க்கூட்டம் நமக்குப் பழக்கமில்லை, அதனால் 'இஸ்டெர்' வரும். 'க்ளை' மரக்கிளை ஆகிவிடும். கடைசியில் 'டாய்டு' என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்தால் ஆறு அசை ஒன்பதாகிறது! மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ஏழாவது தட்டு விழுந்தால் எங்கோ உயிர் நுழைந்திருக்கிறது. 'இ' நுழைந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிப் பிடித்து, மூச்சை விடாமல் 'டெர்' என்று இறங்குங்கள். 'க்ளீடோ' என்பது வேறு வகைப் பிழை, அசை எண்ணிக்கை மாறாது, உயிர்தான் மாறிவிடும்.

பயிற்சியை வாலிலிருந்து தொடங்குங்கள்: டாய்ட், மாஸ்டாய்ட், டோமாஸ்டாய்ட், க்ளைடோமாஸ்டாய்ட்... முன்னாலிருந்து தொடங்கினால் கடினமான பாதியில் மூச்சு தீர்ந்துவிடும்.

இது பிடிபட்டதும் பக்கத்துத் தசையான ஸ்டெர்னோஹையாய்டை நீங்களே வெட்டிப் பாருங்கள். நாலே தட்டு, அழுத்தம் 'ஹை' மேல்.