ஏர்பிரஷ் இல்லாமல் சின்ன விண்கல மாடலுக்கு வண்ணமடித்துப் பழசாக்குவது எப்படி?

உள்ளங்கையில் அடங்கும் விண்கலத்துக்கோ ரோபோவுக்கோ வண்ணமடிக்க, காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் கட்டாயமில்லை. ஏர்பிரஷ் தருவது இரண்டு: மிக மெல்லிய பூச்சு, ஒரே பேனலுக்குள் (உடலில் தகடுபோல் பிரிந்து தெரியும் பகுதி) மெல்ல மாறும் நிறம். முதலாவதை ஸ்ப்ரே ப்ரைமரும் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) நீர்க்கக் கலந்த பெயிண்டும் தரும். இரண்டாவதை ஸ்பாஞ்சும் ஆயில் பெயிண்டும் தரும். லேசான பிரஷ் தடம் தெரிந்தால் கவலை வேண்டாம். மேலே அழுக்கு ஏறும்போது மறைந்துவிடும். தடித்த பூச்சுக்குத்தான் மருந்து கிடையாது. பேனல்களைப் பிரிக்கும் பள்ளக் கோடுகளை அடைத்துவிட்டால், பிறகு வாஷ் (பள்ளத்தில் ஓடி நிழல்போல் தங்கும் நீர்த்த அடர்நிறப் பெயிண்ட்) ஓடவே இடமிருக்காது.

தேவையானவை

ஸ்ப்ரே டப்பாவில் சாம்பல் நிற ப்ரைமர், பளபளப்பு வார்னிஷ், மங்கல் வார்னிஷ். வல்லேஹோ போன்ற தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டில் நான்கைந்து நிறங்கள். டமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் கலந்திருப்பதால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும். தொடக்கத்தில் அதைப் பிரஷ்ஷால் அடிக்க வேண்டாம். எனாமல் பேனல் வாஷ், எனாமல் தின்னர், அடர் பழுப்பு ஆயில் பெயிண்ட் ஒரு டியூப், வைட் ஸ்பிரிட் (ஆயில் பெயிண்டைக் கரைக்கும் திரவம்), 400, 800, 1000 எண் உப்புத்தாள், காது குடையும் பஞ்சுக்குச்சி.

பிரஷ்ஷில் பலர் தவறாக வாங்குவது மிக மெல்லிய 000 எண். அதில் நிற்கும் துளி பெயிண்ட் மாடலைத் தொடும் முன்பே நுனியில் காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 1 அல்லது 2 எண் வட்டப் பிரஷ்ஷே நுணுக்க வேலைக்குப் போதும். பரப்புக்கு 6 முதல் 10 மி.மீ. அகலமுள்ள மென்மையான தட்டைப் பிரஷ் ஒன்று வேண்டும்.

1. பாகங்களைத் தயார் செய்தல்

பாகங்களைச் சட்டத்திலிருந்து நிப்பரால் (சிறு வெட்டுக்குறடு) இரண்டு முறை வெட்டுங்கள்: முதலில் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, பிறகு ஒட்டி. ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். மிச்சத்தை 400இல் தொடங்கி 1000 வரை தேய்த்துச் சமன் செய்யுங்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெயோ விரல் எண்ணெயோ ஒட்டியிருந்தால் ப்ரைமர் அங்கே உரியும்.

முழுதாக ஒட்டிவிட்டு அடிப்பதைவிட, இறக்கை, இயந்திரம், உடல் எனத் தனித்தனித் தொகுதிகளாக வைத்து, குச்சியில் செருகி அடிப்பது எளிது. விமானி அறைக் கண்ணாடியைக் கடைசி வரை ஒட்ட வேண்டாம்.

2. ப்ரைமர்

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசி அடியுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, இடையே பத்துப் பதினைந்து நிமிடம். முதல் பூச்சில் பிளாஸ்டிக் இன்னும் தெரிய வேண்டும்; தெரியவில்லையென்றால் அதிகம் அடித்துவிட்டீர்கள். தள்ளி நின்று அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மணல் போல் சொரசொரக்கும், நெருங்கினால் வழியும். மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றோட்டமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் அவசியம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

3. அடிப்படை நிறம்

இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தண்ணீர். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே அசிங்கமாகத்தான் இருக்கும். அங்கே பதறி மேலும் மேலும் தடவுவதில்தான் பெரும்பாலான மாடல்கள் கெடுகின்றன: பாதி காய்ந்த பெயிண்டைப் பிரஷ் கிழித்துச் சுருட்டிவிடும். ஒரு திசையில் இழுத்துவிட்டு விலகுங்கள். அரைமணி நேரம் கழித்து அடுத்த பூச்சை முந்தையதற்குக் குறுக்காக இழுங்கள். மூன்று அல்லது நான்கு பூச்சில் நிறம் நிறைந்துவிடும். மஞ்சளும் வெள்ளையும் இன்னும் கேட்கும். சுத்த வெள்ளைக்குப் பதில் மிக வெளிறிய சாம்பல் எடுத்தால் வேலையும் குறையும், சின்ன மாடலில் பொம்மைத்தனமும் போகும்.

பட்டைகள் அடிக்க மாஸ்கிங் டேப் ஒட்டியபின், டேப்பின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு முறை தடவுங்கள். கசிவது அதே நிறமாக இருப்பதால் தெரியாது, ஓரமும் அடைபடும். அதன்மேல் பட்டை நிறம்.

இப்போது ஸ்பாஞ்ச். அடிநிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து, மேக்கப் ஸ்பாஞ்சின் பிய்த்த முனையில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, சில பேனல்களின் நடுவில் மட்டும் லேசாக ஒற்றுங்கள். எல்லாப் பேனலிலும் செய்தால் மறுபடி ஒரே நிறமாகிவிடும். மூன்றில் ஒன்று போதும்.

4. பளபளப்பு வார்னிஷ், டெக்கால், வாஷ்

அடிநிறம் ஒரு நாள் காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ், அதுவும் மெல்லியதாக. வழவழப்பான பரப்பில்தான் வாஷ் கோடு வழியே தானாக ஓடும். மங்கலான பரப்பில் கறையாகப் பரவும். இந்தப் பரப்பில் ஒட்டும் டெக்காலின் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப்படம்) அடியில் வெள்ளிபோல் மின்னும் காற்றுக்குமிழியும் இதனால் குறையும்.

வாஷைக் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும், ஓடிக்கொள்ளும். வெள்ளைக் கலத்துக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம், கட்டம் போட்ட தாள் மாதிரி ஆகிவிடும்; சாம்பல் கலந்த பழுப்பு எடுங்கள். சிவப்பு, மஞ்சளுக்கு அடர் பழுப்பு. கறுப்பை உலோக நிறங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது நிமிடம் கழித்து, எனாமல் தின்னர் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பசையில்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்களில் பொருத்து முனைகள் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். பெயிண்ட் ஏறாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் ஊறினால் அந்த இடம் விரிசல் விடும், சில நேரம் துண்டாகவே உடையும். மூட்டுகளில் வாஷை வழியவிடாதீர்கள். வாஷ் போடும்போது பாகங்கள் பிரிந்திருந்தால் இன்னும் நல்லது.

5. பெயிண்ட் உரிந்த தடங்கள்

1/144 அளவில் 1 மி.மீ. கீறல் என்பது நிஜத்தில் 14 செ.மீ. கீறல். 1/1000 அளவுக் கப்பலில் அதுவே ஒரு மீட்டர். ஆகவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் புள்ளியே சரியான அளவு. பிய்த்த ஸ்பாஞ்சில் அடர் பழுப்பு கலந்த சாம்பலைத் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றும் விழாத வரை ஒற்றிவிட்டு, இறக்கையின் முன்விளிம்பு, கதவோரம், ஏணிப்படி ஆகிய இடங்களில் மட்டும் தொடுங்கள். தேயாத இடத்தில் பெயிண்ட் உரியாது. 1/1000 கப்பலுக்கு இந்தப் படியையே விட்டுவிடலாம்.

ட்ரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தடவுவது) என்பது குழாய், பெட்டி என மேடுபள்ளம் நிறைந்த இடங்களுக்குத்தான். சமமான பேனலில் கோடுகோடாகத் தெரியும். இயந்திர விளிம்புகளில் மென்மையான பென்சில் முனையைத் தேய்த்தால் கிராஃபைட்டே உலோகப் பளபளப்பைத் தந்துவிடும்.

6. வழிசல், புகைக்கரி, தூசி

ஆயில் பெயிண்டை அட்டைத்துண்டில் பிதுக்கி அரைமணி வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். குண்டூசி முனையளவு புள்ளி வைத்து, வைட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். எந்தத் திசை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: நடக்கும் ரோபோவுக்குக் கீழ்நோக்கி, வளிமண்டலத்தில் பறக்கும் கலத்துக்குப் பின்நோக்கி. தரையிறங்கவே செய்யாத பெருங்கப்பலுக்குச் சேறும் துருவும் பொருந்தாது. எரிந்த கறை, நிறம் மாறிய பேனல், ரிப்பேர் செய்த திட்டு இவை போதும். ஆயில் காய இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

பிறகு மங்கல் வார்னிஷ், ப்ரைமருக்குச் சொன்ன அதே முறையில். ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் பரப்பு வெள்ளையாகப் பனிபடர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், உலர்ந்த நாளில் மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், அதன்மேல் மறுபடி மங்கல்.

புகைக்கரிக்குக் கறுப்பு உலர் பாஸ்டலை (சுண்ணக்கட்டி போன்ற வண்ணக்குச்சி) உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, புகைப்போக்கியைச் சுற்றிப் பழைய மென்பிரஷ்ஷால் தடவுங்கள். ஆயில் பாஸ்டல் பொடியாகாது. மங்கல் பரப்பில்தான் பொடி பிடிக்கும் என்பதால் வார்னிஷுக்குப் பிறகே இதைச் செய்ய வேண்டும். மேலே இன்னொரு வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறைந்துவிடும். கையில் எடுத்து விளையாடும் மாடலென்றால் இரண்டு மடங்கு தடவிவிட்டு அடியுங்கள், அலமாரியில் நிற்பதென்றால் அப்படியே விடுங்கள். கடைசியாகக் கண்ணாடியை ஒட்டி, சென்சார், விளக்குகளின் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஒரு துளி பிரஷ்ஷால் வையுங்கள்.