ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்ப்பது எப்படி

உகியோ-எ எனப்படும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள், எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள் கடையில் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தவை. பெரும்பாலானவற்றின் அளவு ஏறத்தாழ 39 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும்தான். ஆகவே தள்ளி நின்று பார்க்காமல், புத்தகம் படிக்கும் தூரத்தில் வைத்தோ, அருங்காட்சியகங்களின் இணையப் படத்தைப் பெரிதாக்கியோ பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வரைந்த, ஷின்-ஓஹாஷி பாலத்தின் மீது திடீரென மழை கொட்டும் படத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் மழையை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். குடைக்குள் ஒடுங்கி நடப்பவர்கள், பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு விரைபவர், ஆற்றில் மழையைப் பொருட்படுத்தாமல் தெப்பம் தள்ளுபவர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நனைகிறார்கள். முகம் எவருக்கும் தெளிவாக இல்லை. முதுகின் வளைவே அவர்களது அவசரத்தைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து மழைக்கு வாருங்கள். அந்த மெல்லிய கோடுகள் கட்டையில் கீறப்பட்டவை அல்ல. இருபுறமும் மரத்தைச் செதுக்கி எடுத்து, இடையில் மயிரிழையாக மேடாக விடப்பட்டவை. சற்றே வேறுபட்ட சாய்வில் இரண்டு கட்டைகளால் அச்சிட்டதால்தான் மழைக்கு அடர்த்தி கிடைக்கிறது. ஓவியரின் பெயர் மட்டுமே புகழ்பெற்றாலும், இந்த இடத்தில் பாராட்டுக்குரியவர் செதுக்கியவரே என்பது என் எண்ணம்.

மேலே உள்ள கருமேகம் 'பொகாஷி' என்ற முறையில் வந்தது. அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டையின் மீது மையைக் கையாலேயே மங்கலாக்கியதால், மேகம் பிரதிக்குப் பிரதி மாறும். அதைக் கண்டு போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஓரங்களில் உள்ள சிறு முத்திரைகளையும் தேடிப் பாருங்கள். தணிக்கை முத்திரையுடன் விலங்கின் பெயரால் ஆண்டும், எண்ணால் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். இப்படத்திற்குப் பாம்பு ஆண்டின் ஒன்பதாம் மாதம்.

தாளே கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். 'பாரென்' என்ற வட்டமான தேய்ப்புக் கருவியின் தடமும், தாளில் ஊறிப் பின்புறம் தெரியும் நிறமும் கையச்சுக்கு அடையாளங்கள். உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. பார்த்து முடித்ததும் வெயில் படாத இடத்தில் வையுங்கள், ஏனெனில் குசும்பாப் பூவிலிருந்து எடுத்த சிவப்பு வெளிச்சத்தில் விரைவில் வெளிறிவிடும்.