பாவித்த பிறபொருளெதிரிக் கரைசலை ஊற்றிவிடாதீர்கள்

வெஸ்டர்ன் பிளொட்டில் (புரதங்களை ஒரு மென்சவ்வுக்கு மாற்றிப் பிறபொருளெதிரியால் கண்டறியும் முறை) ஒருமுறை பாவித்த பொஸ்போ-ஈஆர்கே (பொஸ்பேற்றப்பட்ட ஈஆர்கே புரதத்தை இனங்காணும்) மொனோகுளோனல் பிறபொருளெதிரிக் கரைசலை ஊற்றிவிடாமல், 0.02% சோடியம் அசைட் சேர்த்து 4 பாகை செல்சியசில் வைத்து மூன்று நான்கு தரம் திரும்பப் பாவிக்கலாம். மென்சவ்வில் ஒட்டுவது கொஞ்சம்தான், மிச்சம் கரைசலிலேயே கிடக்கிறது. அசைட் பக்டீரியாவை வளரவிடாது, அதனால் அடுத்த குப்பி கொழும்பு வழியாகப் பேராதனைக்கு வந்துசேரும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பிறபொருளெதிரியைப் பால்மாக் கரைசலில் மட்டும் கலக்காதீர்கள், அது சீக்கிரம் கெட்டுவிடும், அதோடு அதிலுள்ள கேசீனே பொஸ்பேற்றப்பட்ட புரதம் என்பதால் பின்னணியும் கறுக்கலாம்; 5% பிஎஸ்ஏ (மாட்டுக் குருதி அல்புமின்) கரைசல்தான் சரி. எச்ஆர்பி என்ற நொதி இணைத்த பிறபொருளெதிரிக்கு இது வேண்டவே வேண்டாம், அசைட் அந்த நொதியை முடக்கிவிடும். கரைசல் கலங்கினாலோ பிளொட்டில் தெரியும் புரதப் பட்டை மங்கினாலோ புதிதாகக் கலக்குங்கள். அப்புறம், அசைட் நஞ்சு, சிங்கில் ஊற்றக்கூடாது.